நூறாண்டு வீட்டைக் காப்பாற்ற அரசு என்ன தரும்? (புதுச்சேரி, தமிழர் பகுதி)

#1 திண்ணைவாசி

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் எங்கள் பரம்பரை வீடு இருக்கிறது. தெருவை ஒட்டித் தூண் வைத்த தாழ்வாரம், திண்ணை, நடை, உள்ளே முற்றம். மாடி மட்டும் பிரெஞ்சுப் பாணி: வளைவு ஜன்னல்கள், உருளைத் தூண் வைத்த கைப்பிடிச் சுவர். தாத்தா காலத்துக்குப் பிறகு ஐந்து பங்காளிகள். அதில் இரண்டு பேர் விற்றுவிடலாம் என்கிறார்கள். வாங்க வந்தவர் இடித்துவிட்டு விடுதி கட்டப் போவதாக வெளிப்படையாகவே சொல்கிறார்.

மாடித் தளம் ஒழுகுகிறது. பழுது பார்ப்பது பற்றி விசாரிக்க ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "இது மரபுக் கட்டடப் பட்டியலில் உள்ள வீடு, இடிக்கக் கூடாது, முகப்பை மாற்றக் கூடாது" என்றார்கள். நாங்களும் மாற்ற நினைக்கவில்லை. ஆனால் பழுது பார்க்க உதவித்தொகை உண்டா, வீட்டு வரியில் சலுகை உண்டா, சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களையாவது காட்டுவீர்களா என்று கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. செய்யக் கூடாததன் பட்டியல் மட்டும் கையில் கிடைத்தது.

விற்கத் துடிக்கும் பங்காளிகளைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுகும் வீட்டுக்கு வருடா வருடம் செலவழித்துச் சலித்துப் போனவர்கள் அவர்கள். மாநில அளவில், ஊர் அளவில் இப்படிப்பட்ட வீடுகளுக்கு எங்காவது உதவி கிடைத்திருக்கிறதா? எப்படிக் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கட்டடக்கலை மாணவி

ஐயா, உதவி கிடைத்த உதாரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வைசியாள் வீதி, அதாவது கால்வே சுப்புராய செட்டித் தெரு.

2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஆணையத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டம் புதுச்சேரியில் நடந்தது. இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோவும் கூட்டாளி நகரங்கள். மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை உள்ளூரில் வேலையைச் செய்தது. அந்தத் தெருவில் வரிசையாக நின்ற தமிழ் வீடுகளின் தெருமுகப்பைச் சீர்செய்யும் செலவைத் திட்டமும் வீட்டுக்காரர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள். இடையில் அடைத்துவிட்ட தாழ்வாரங்கள் திரும்பத் திறந்தன. தூண்களும் ஓடுகளும் பழைய வடிவத்துக்கு வந்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இந்தத் தெரு இடம் பெற்றது.

படிப்புக்காக அந்தத் தெருவை அளந்து வரைந்தபோது எனக்குப் புரிந்தது ஒன்று. தனி வீட்டின் அழகைவிடத் தாழ்வாரம்தான் அங்கே பெரிய விஷயம். ஒரு வீட்டின் தாழ்வாரமும் அடுத்த வீட்டின் தாழ்வாரமும் தொடர்ந்து போகும். வெயிலில் நடப்பவருக்கு அது நிழல், மழையில் ஒதுங்குபவருக்கு அது கூரை. நடுவில் ஒரு வீடு இடிந்து அங்கே கார் நிறுத்தம் வந்துவிட்டால் மிச்ச வீடுகள் நின்றாலும் தெரு அறுந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் தனித்தனியாகச் 'சட்டம் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட, ஒரு தெருவை முழுசாக எடுத்து ஆளுக்குப் பாதி போடுவது நல்ல வழி.

வருத்தம் என்னவென்றால், அந்தப் பணம் வெளியிலிருந்து வந்தது. திட்டம் முடிந்ததும் அதே முறையை யூனியன் பிரதேச அரசே தன் பட்ஜெட்டில் ஒரு நிலையான தலைப்பாக வைத்துத் தெருத் தெருவாகக் கொண்டு போயிருக்கலாம். அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

#3 பெருமாள்72

எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பகுதியில் மனை விலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கோடிக்கணக்கில் மதிப்புள்ள சொத்தின் சொந்தக்காரருக்கு வரிப்பணத்தில் முகப்பு பூசித் தர வேண்டுமா? ஊருக்கு வெளியே மழை வந்தால் முழங்கால் தண்ணீரில் நிற்கும் வீடுகள் எத்தனை? அரசிடம் இருக்கும் பணம் ஒன்றுதான். இன்று முகப்பைச் சரிசெய்து கொடுத்தால், நாளைக்கு அதே முகப்பைக் காட்டி அதிக விலைக்கு விற்றுவிட்டுப் போகலாம். அதைத் தடுக்க என்ன இருக்கிறது?

#4 திண்ணைவாசி

பெருமாள் சார், நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கோடி மண்ணுக்கு மட்டும்தான். வீடு நிற்கிற வரை அது எங்கள் கைக்கு வராது. வீட்டை இடித்தால்தான் பணம் என்கிற நிலையும், இடிக்காதே என்கிற விதியும் சேர்ந்து வரும்போது குடும்பங்கள் மூன்றாவது வழிக்குப் போய்விடுகின்றன. பூட்டிப் போட்டு, மழைக்கு விட்டு, தானாக விழட்டும் என்று காத்திருப்பது. எங்கள் தெருவிலேயே அப்படி விழுந்த வீடு உண்டு.

#5 சுண்ணாம்பு மேஸ்திரி

திண்ணைவாசி ஐயா, சட்டம் திட்டமெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும். தளம் ஒழுகுகிறது என்றீர்களே, அதைப் பற்றி நான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் மாடித் தளம் அநேகமாக மெட்ராஸ் டெரஸாக இருக்கும். தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்குக் கட்டைகள், அதன் மேல் மெல்லிய சிறு செங்கலைச் சாய்கோணத்தில் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்திருப்பார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து திம்சு போட்டு இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இது ஒழுகினால் முதலில் எல்லோரும் செய்கிற வேலை, மேலே சிமெண்ட் பூசுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்புத் தளம் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் வந்துவிட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும், கட்டை இற்றுப்போகும், கீழே சுவரில் உப்புப் பூக்கும். பாரமும் கூடும். பழைய சுவரில் சிமெண்ட் பூச்சு பூசிய வீடுகளில் ஐந்தாறு வருடத்தில் பூச்சு பலகை பலகையாக விழுவது இதனால்தான்.

முதலில் மூன்று இடம் பாருங்கள். ஒன்று, உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழைகிற இடம். மரம் அங்கேதான் முதலில் அழுகும், கரையானும் அங்கேதான் ஏறும். ஒரு கூர்மையான கம்பியால் குத்திப் பார்த்தாலே தெரியும். இரண்டு, மழைநீர்க் குழாய் வாய். சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கினால் எந்தத் தளமும் ஒழுகும். மூன்று, கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி இருக்கிறதா என்று. மேலே வெட்டிவிட்டால் மறுபடி வரும். வேர் போன இடம் வரை கல்லைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் திரும்பக் கட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம். அரசு நாளைக்கே பணம் ஒதுக்கினாலும் வேலை செய்ய ஆள் எங்கே? நீர்த்த சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்துப் பதம் பார்க்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சிமெண்ட் வேலை ஒரு நாளில் முடியும், சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். பொறுமைக்குக் கூலி இல்லாததால் பையன்கள் கற்றுக்கொள்ள வருவதில்லை. ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன், பிளம்பர் சொல்லிக் கொடுக்கிறார்கள். சுண்ணாம்பு வேலையையும் ஒரு தொழிலாகச் சேர்த்தால் அதுவே பெரிய உதவி.

#6 செட்டிநாட்டுக்காரர்

மேஸ்திரி சொன்னது எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் உள்ள வீட்டில் சிமெண்டைக் கொட்டிக் கெடுத்தவர்கள் ஏராளம்.

திண்ணைவாசி, உங்களுக்கு ஐந்து பங்கு. எங்கள் ஊர்களில் நாற்பது, ஐம்பது பங்காளிகள் உள்ள வீடுகள் உண்டு. சென்னையில் சிலர், சிங்கப்பூரில் சிலர். யார் கையெழுத்துப் போடுவது, யார் ஓடு மாற்றுவது? கடைசியில் வீட்டைக் கழற்றி விற்கிறார்கள். தூண் தனி, கதவு தனி, நிலை தனி. காரைக்குடியில் பழைய பொருள் கடைகளில் அவை நிற்கின்றன. பிறகு ஏதோ ஊரில் ஏதோ ஓட்டலின் வரவேற்பறைக்குப் போய்ச் சேர்கின்றன.

2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. எங்களுக்கு அதில் பெருமைதான். ஆனால் தற்காலிகப் பட்டியல் பணம் தருகிற பட்டியல் அல்ல. அது நாடு தன் வேட்பு மனுவுக்கு முன் கொடுக்கிற பெயர் வரிசை. கூரை மாற்றுவது நாம்தான்.

எங்கள் ஊர்களில் நிற்கிற வீடுகள் எவை என்று பாருங்கள். படைப்பு, அதாவது முன்னோர் வழிபாடு நடக்கும் வீடுகள், கல்யாணமும் அறுபதாம் கல்யாணமும் இன்னும் நடக்கும் வீடுகள். வருடத்துக்கு ஒருமுறையாவது பங்காளிகள் கூடுகிறார்கள், ஆளுக்கு ஒரு தொகை போடுகிறார்கள், வெள்ளை அடிக்கிறார்கள். புழக்கம் உள்ள வீடு நிற்கும். அதனால் உங்கள் பங்காளிகளை முதலில் ஒரு முறை அந்த வீட்டிலேயே உட்கார வைத்துப் பேசுங்கள். போனில் பேசினால் விலையைத் தவிர வேறு பேச்சு வராது.

#7 வழக்கறிஞர் அக்கா

சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'அரசு' என்று பொதுவாகச் சொல்லி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பலர் அலைகிறார்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளவை என நாடாளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்பட்ட சின்னங்கள் ஒன்றிய அரசுக்கு. அவை தவிர மற்ற பழமையான, வரலாற்றுச் சின்னங்கள் மாநிலப் பட்டியலின் 12-ஆம் பதிவில் வருகின்றன. தொல்லியல் துறைக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டம் மாமல்லபுரத்துக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் பயன்படும். ஆள் குடியிருக்கிற ஒரு தெருவுக்கு அது வராது. ஆகவே உங்கள் வீட்டைப் போன்றவற்றுக்கு மாநிலமும் நகராட்சியும்தான் ஒரே கதி. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்றாலும் 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டமன்றம் உள்ள பிரதேசம். மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்கள் பற்றிச் சட்டம் இயற்ற அதற்கு அதிகாரம் உண்டு. 'டெல்லியில் கேளுங்கள்' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, உங்கள் வீடு எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்டாக் போன்ற அமைப்பு எடுத்த கணக்கெடுப்பு ஒரு ஆவணம். அரசிதழில் வந்த அறிவிக்கை வேறு. முன்னதற்குத் தானாகச் சட்ட பலம் கிடையாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமலேயே பலர் பயப்படுகிறார்கள், வேறு சிலர் துணிந்து இடித்துவிடுகிறார்கள்.

தடை உத்தரவு மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றாது என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், 1897-ல் கட்டியது. அதன் உரிமையாளரான ஆயுள் காப்பீட்டுக் கழகம் 2006-ல் இடிக்கத் தொடங்கியது. இன்டாக் நீதிமன்றம் போய் நிறுத்தியது. 2010 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு அந்தக் கட்டடத்தைக் காத்தது மட்டுமல்ல, சென்னையின் மற்ற மரபுக் கட்டடங்களுக்கும் அரண் ஆனது. அருமையான தீர்ப்பு. ஆனால் அதன் பிறகும் கட்டடம் பல ஆண்டுகள் சீர்செய்யப்படாமல் சிதைந்து நின்றது. இடிக்காதே என்று நீதிமன்றம் சொல்லலாம். ஓடு மாற்று, உத்திரம் மாற்று என்று பணம் தருவது நிர்வாகத்தின் வேலை. தமிழ்நாட்டில் மரபு ஆணையச் சட்டம் 2012-லேயே வந்தது, பத்தாண்டுக்கு மேல் அது காகிதத்திலேயே கிடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பங்கு விஷயம்: பிரிபடாத குடும்ப வீட்டில் ஒருவர் பங்கை வெளியார் வாங்கி, அவர் பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், மற்ற பங்காளிகள் அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் குடும்பம் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பமாக இருந்தால் வாரிசுரிமைக் கணக்கே வேறு. எதற்கும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் பத்திரங்களைக் காட்டிவிடுங்கள்.

#8 திண்ணைவாசி

அக்கா, மிக்க நன்றி. நாங்கள் ரெனோன்சான் இல்லை. பட்டியல் பற்றி எழுத்தில் கேட்கிறேன்.

#9 பாண்டிப் பாரீஸ்

நான் பிறந்தது முத்தியால்பேட்டை, இருப்பது பாரீசுக்கு அருகே. பிரான்சில் எப்படி என்று சொல்கிறேன். நம்மூருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை, எடுத்துக்கொள்ள வேண்டியது எது என்று பாருங்கள்.

இங்கே பண்பாட்டு அமைச்சகம் தலைநகரில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிராந்தியத்திலும் அதன் கிளை இயக்ககம் இருக்கிறது, சுருக்கமாக திராக் என்பார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் சொந்தக்காரர் பழுது வேலைக்கு அங்கேதான் மானியம் கேட்பார். தனியார் வீடு என்பதற்காக மறுப்பதில்லை. அதே சமயம் கட்டுப்பாடும் கடுமை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் ஜன்னல் மாற்றுவதற்குக்கூட அரசுக் கட்டடக் கலைஞரின் கருத்து கேட்க வேண்டி வரும். ஜனங்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் கட்டுப்பாடும் உதவியும் ஒரே இடத்தில் கிடைப்பதால் பேச முடிகிறது.

பெருமாள் சார் கேட்ட கேள்விக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. சின்னம் என்று அறிவிக்கப்படாத சாதாரண பழைய வீடுகளுக்காக 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மரபு அறக்கட்டளை ஒன்றை உருவாக்கினார்கள். அது ஒரு வீட்டுக்கு முத்திரை கொடுத்தால், வெளிப்புற வேலைக்கு, அதாவது கூரை, முகப்பு போன்றவற்றுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைச் சொந்தக்காரர் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிவது முக்கியம். உள்ளே சமையலறையைப் புதுப்பிக்க அரசு தராது. 2018 முதல் மரபுக் கட்டடங்களுக்காகவே ஒரு லாட்டரி நடத்துகிறார்கள், அந்த வருமானமும் சிறிய ஊர்களின் தேவாலயம், பழைய மில், துணி துவைக்கும் கூடம் வரை போகிறது.

எனக்கு எப்போதும் நெஞ்சில் தைக்கும் ஒரு விஷயம். பழைய நகரப் பகுதிகளை முழுசாகக் காக்கும் மால்ரோ சட்டம் இங்கே 1962 ஆகஸ்டில் வந்தது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே ஆகஸ்டில், 16-ஆம் தேதி. இடையில் இரண்டு வாரம்கூட இல்லை. பிரான்ஸ் தன் பழைய தெருக்களுக்குக் காவல் போட்ட நேரத்தில், அதே பிரான்சின் ஆட்சியில் எழுந்த நம் தெருக்கள் அந்தக் காவலுக்கு வெளியே நின்றுவிட்டன. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. இனி நாமே நமக்காக அதைச் செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

#10 பெருமாள்72

தெருவிலிருந்து தெரிவதற்கு மட்டும் உதவி என்பதை ஏற்கலாம். ஆனால் எனக்கு இன்னொரு மனக்குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

மரபு என்றதும் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த வெள்ளை நகரத்தையும் அப்புறம் செட்டித் தெரு, வேளாளர் வீதி, கோமுட்டித் தெருவையும் பேசுகிறீர்கள். தெருவுக்குத் தெரு சாதி பிரித்துக் குடிவைத்த நகரம் அது. உழைத்தவர்கள் புல்வார்களுக்கு, அதாவது பழைய நகரைச் சுற்றிப் போகும் அகலச் சாலைகளுக்கு, வெளியே இருந்தார்கள். 1936 ஜூலை 30-ல் சவானா மில்லில் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளிகள் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை இந்த ஊருக்கு அப்படித்தான் கிடைத்தது. என் குடும்பத்தில் மில் வேலை பார்த்தவர்கள் உண்டு. கடலூர் சாலையில் ஏஎப்டி மில், 1898-ல் தொடங்கியது, 2011-ன் 'தானே' புயலில் அடி வாங்கி, 2020-ல் மூடினார்கள். அந்தக் கூடங்களும் புகைபோக்கியும் யாருடைய மரபு? அதற்கு எந்தப் பட்டியலில் இடம்?

#11 கட்டடக்கலை மாணவி

பெருமாள் ஐயா, இதை நீங்கள் சொன்னதற்கு நன்றி. எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு மணி நேரம்கூடப் பேசியதில்லை. ஏஎப்டி போன்ற இடம் அரசு வசமே இருப்பது, அதனால் அங்கே தனியாருக்குப் பணம் தருவதா என்ற கேள்வியே எழாது. கூடங்களைப் பயிற்சிப் பள்ளியாக்கலாம். மேஸ்திரி சொன்ன சுண்ணாம்புத் தொழில் பயிற்சியை ஏன் அங்கேயே நடத்தக் கூடாது?

அரசால் முடியாது என்றும் நான் நம்பவில்லை. சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. கூரை போய்ச் சுவர் மட்டும் நின்றது. அதைத் தமிழ்நாடு பொதுப்பணித் துறையே மீட்டுக் கட்டியது. இப்போது பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. பொதுப்பணித் துறைக்குள்ளேயே பழைய கட்டடங்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு இருந்தால் என்ன சாத்தியம் என்பதற்கு அது உதாரணம்.

ஆனால் புதுச்சேரியில் நடந்ததையும் பாருங்கள். கடற்கரைச் சாலை மேரி கட்டடம், அதாவது பழைய நகர்மன்றம், 1870-71-ல் எழுந்தது, பல வருடம் பராமரிப்பில்லாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி உதவியோடு பழைய தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். திரும்ப வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் பழைய கல்லும் மரமும் சாந்தும் போய்விட்டன. விழுந்த பிறகு திரட்டிய பணத்தில் ஒரு சிறு பங்கு முன்கூட்டியே தளத்துக்கும் உத்திரத்துக்கும் போயிருந்தால் மூலக் கட்டடமே நின்றிருக்கும். அரசுக் கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால் ஐந்து பங்காளிகள் உள்ள வீடு என்ன செய்யும்? அதனால் உதவித்தொகை எப்போதும் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. சிறியதாக, சீக்கிரமாக, மழைக்கு முன்னால் வர வேண்டும்.

#12 பினாங்குத் தமிழன்

இழையை முழுக்கப் படித்தேன். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள எங்கள் ஜார்ஜ் டவுனிலிருந்து ஓர் எச்சரிக்கை.

ராணி தெரு மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நாகூர் தர்கா எல்லாம் சில தெருக்களுக்குள் இருக்கும் ஊர் இது. முன்பு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. வாடகை குறைவு, அதனால் சொந்தக்காரர்கள் பழுது பார்க்கவில்லை, ஆனால் சனம் இருந்தது. அந்தச் சட்டம் நீங்கி 2000-ல் வாடகை ஏறியதும் தலைமுறையாக இருந்த குடும்பங்களும் சின்னக் கடைக்காரர்களும் கிளம்பினார்கள். 2008-ல் மலாக்காவோடு சேர்த்து உலக மரபுத் தகுதி வந்தது. மாநில அரசு 2010-ல் ஜார்ஜ் டவுன் உலக மரபு நிறுவனத்தை அமைத்தது, 2011-ல் மாநிலச் சட்டமன்றத்தில் தனி மரபுச் சட்டமே போட்டார்கள். அதற்கு முன்பே, 2009-ல், திங்க் சிட்டி என்ற அமைப்பு 2 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டில் சின்னச் சின்ன மானியங்களாகக் கொடுக்க ஆரம்பித்தது. அதனால் கடைவீடுகள் பல நிமிர்ந்தன. மாநிலம் மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கு நாங்கள் சாட்சி.

ஆனால் கட்டடம் நிமிர்ந்த இடத்தில் ஆள் இல்லை. கீழே காப்பிக் கடை, மேலே தங்கும் விடுதி. பூமாலைக் கடையும் மளிகையும் இன்னும் லிட்டில் இந்தியாவில் இருப்பதால் அந்தத் தெருக்களில் உயிர் இருக்கிறது. மற்ற தெருக்களில் மாலை ஆறு மணிக்கு மேல் சுற்றுலா வந்தவர்கள்தான். மானியம் கேட்கும்போதே, 'இத்தனை வருடம் குடியிருப்பாகவோ பழைய தொழிலாகவோ தொடர வேண்டும்' என்று ஒரு நிபந்தனையையும் நீங்களே கேளுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.

#13 செட்டிநாட்டுக்காரர்

ஓட்டல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஓட்டலாக மாறியதால்தான் நிற்கும் வீடுகளும் உண்டு. இடிவதைவிட அது மேல். எல்லா வீடும் ஓட்டலாகக் கூடாது, அவ்வளவுதான். பினாங்கு நண்பர் சொல்வது ஒரு தெரு முழுசும் மாறிவிட்டால் வரும் ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறேன்.

#14 பினாங்குத் தமிழன்

சரியாகச் சொன்னீர்கள். நான் சொன்னதும் அதுதான்.

#15 திண்ணைவாசி

நேற்று பங்காளிகள் வீட்டில் கூடிப் பேசினோம். செட்டிநாட்டு நண்பர் சொன்னபடி முற்றத்திலேயே உட்கார்ந்தோம். விற்க நினைத்தவர்களில் ஒருவர், அரசு பாதி போட்டால் நானும் என் பங்கைப் போடுகிறேன் என்றார். இன்னொருவர் இன்னும் யோசிக்கிறார். அவருக்கு மகள் படிப்புச் செலவு இருக்கிறது, அவரை நெருக்க மனமில்லை. அவர் பங்கை நாங்கள் மூவரும் தவணையில் வாங்க முடியுமா என்று பார்க்கிறோம்.

தெருவில் இன்னும் சில வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார்கள். உள்ளாட்சித் துறைக்கும் எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுக்க மனுவில் எழுதியிருப்பது இது, பார்த்துத் திருத்துங்கள்:

எங்கள் தெருவில் தாழ்வாரம் உள்ள வீடுகளின் கூரை, முகப்பு, தாழ்வாரம் ஆகியவற்றைச் சீர்செய்ய ஆகும் செலவில் பாதியை, வைசியாள் வீதியில் செய்ததுபோல, அரசு ஏற்க வேண்டும். மீதிப் பாதி எங்களுடையது. உதவி பெறும் வீடு பத்து ஆண்டுக்கு இடிக்கப்படக் கூடாது. அதற்குள் விற்றால் உதவித்தொகையைத் திருப்பித் தருவோம். தாழ்வாரத்தைக் கம்பி போட்டு அடைக்காமல் நடப்பவர்களுக்குத் திறந்து வைப்போம். வீடு அந்த நிலையில் இருக்கும் வரை வீட்டு வரியில் குறைப்பு வேண்டும். சிறு பழுதுகளுக்கு அனுமதி முப்பது நாளில் கிடைக்க வேண்டும். சுண்ணாம்பு வேலைக்குத் தொழிற்பயிற்சி தொடங்க வேண்டும்.

#16 பெருமாள்72

விற்றால் திருப்பித் தருவது, தாழ்வாரம் திறந்திருப்பது, இந்த இரண்டும் இருப்பதால் என் எதிர்ப்பை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வரி சேருங்கள்: குடியிருப்போர் வருமானம் குறைவாக இருந்தால் அரசின் பங்கு பாதிக்கு மேல் போக வேண்டும். பாதி போட முடியாத வாடகைக் குடும்பங்களும் கைம்பெண்களும் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். ஏஎப்டி கூடங்களைப் பயிற்சிக்குக் கேட்கும் வரியையும் மாணவி சொன்னபடி எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன், மில் நண்பர்களிடமும் வாங்கித் தருகிறேன்.

#17 வழக்கறிஞர் அக்கா

'பத்து ஆண்டு' என்பதைப் பதிவு செய்த ஒப்பந்தமாக வைக்கச் சம்மதம் என்று மனுவிலேயே எழுதுங்கள். அதிகாரிகளுக்கு நம்பிக்கை வரும், நாளைக்கு வாரிசுகளையும் அது கட்டுப்படுத்தும் விதமாக வாசகம் அமைக்கலாம். வரைவை நான் பார்த்துத் தருகிறேன். மனுவோடு ஒவ்வொரு வீட்டின் முகப்புப் படமும் பழுதின் படமும் தேதியோடு இணையுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

#18 கட்டடக்கலை மாணவி

தெருவை அளந்து வரைந்து தர நானும் வகுப்பு நண்பர்களும் தயார். எல்லா வீட்டுத் தாழ்வாரமும் ஒரே வரைபடத்தில் தொடர்ந்து தெரிந்தால், இது தனித்தனி வீட்டுக்காரர்களின் கோரிக்கை அல்ல என்பது படத்தைப் பார்த்ததும் புரியும். எந்த ஞாயிறு வரலாம் என்று சொல்லுங்கள்.

#19 சுண்ணாம்பு மேஸ்திரி

மனு போகட்டும், நல்லது நடக்கட்டும். ஆனால் ஐப்பசி மழை மனுவுக்காகக் காத்திருக்காது. திண்ணைவாசி ஐயா, புரட்டாசி முடிவதற்குள் தட்டோட்டு இடுக்குகளைச் சுரண்டிச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்து அடைத்துவிடுங்கள். தண்ணீர் வாயைச் சுத்தம் செய்யுங்கள். அழுகிய உத்திர முனைக்குக் கீழே தற்காலிகமாகச் சவுக்கு மரத்தில் முட்டு கொடுங்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். மாணவப் பிள்ளைகள் அளக்க வரும் ஞாயிறு நானும் வருகிறேன். கம்பியால் குத்தி எந்தக் கட்டை மாற்ற வேண்டும், எது இன்னும் தாங்கும் என்று குறித்துத் தருகிறேன். அந்தக் கணக்கு மனுவில் செலவு மதிப்பீட்டுக்கும் உதவும்.